பெர்னதெத் அண்ணி போட்ட ரேங்க்

நாத்தனார் ஒருத்தி தன் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்திருக்கிறாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. பெர்னதெத் அண்ணி என் அண்ணன் டெஸ்மண்டைக் கட்டிக்கொண்டு பெங்களூர் சிவாஜிநகர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமையலறையில் முட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். குழம்பில் புளி தூக்கல் என்று நான் சொல்வேன். ஸ்கூல் டீச்சருக்கு எதிலாவது தப்புக் கண்டுபிடிக்காவிட்டால் சோறு இறங்காது என்று அவள் சொல்வாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் என்னை எங்கேயாவது அனுப்பிவைக்கும் பாக்கியம் அவளுக்குக் கிடைக்காமலே போய்விட்டது, பாவம்.

ஆனால் இந்த வருஷம் மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை எங்கள் வீட்டில் நடந்ததை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். அண்ணன் எழுதினால் எல்லாவற்றையும் அவன்தான் தீர்த்துவைத்தான் என்று எழுதுவான். அண்ணி எழுதவே மாட்டாள். மிச்சம் இருப்பது ஜூலியா என்கிற நான் மட்டும்தான்.

அண்ணி வேலை செய்வது ஊரிலுள்ள ஒரு பழைய யுனிவர்சிட்டியில், கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட் ஆபீசில். எந்த யுனிவர்சிட்டி என்று சொல்லமாட்டேன். அவள் இன்னும் ரிடையர் ஆகவில்லை, பென்ஷன் வாங்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போகும் மாணவர்களின் சர்டிபிகேட்டை அனுப்புவது, வெளிநாட்டிலிருந்து வரும் புரொபசருக்கு கெஸ்ட் ஹவுஸ் பிடிப்பது, கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்ட பார்சலை மீட்பது, எல்லாம் அவள் தலையில்தான். வாழ்க்கையில் பாஸ்போர்ட்டே எடுக்காத மனுஷி, ஆசியாக் கண்டத்தில் பாதி யுனிவர்சிட்டியோடு மெயிலில் பேசிக்கொண்டிருந்தாள். எந்த ஊரில் எப்போது லீவு, எந்த ஆபீஸில் யார் சிடுமூஞ்சி என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

யுனிவர்சிட்டிகளுக்கு ரேங்க் போடுகிற கம்பெனி ஒன்று வருஷத்துக்கு ஒரு தடவை டிபார்ட்மெண்ட் தலைவர் புரொபசர் கோவிந்தப்பாவுக்கு மெயில் அனுப்பும். உங்கள் துறையில் ஆசியாவிலேயே சிறந்தவை என்று நீங்கள் நினைக்கும் யுனிவர்சிட்டிகளை வரிசையாகச் சொல்லுங்கள் என்று கேட்கும். கோவிந்தப்பா நல்ல மனுஷர். ஆனால் பரீட்சை, மீட்டிங், மறுபடியும் மீட்டிங் என்று ஓடிக்கொண்டே இருப்பவர். வாசலில் நின்றபடியே, “மேடம், அது நீவே நோட்கொள்ளி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் சொன்னால் அதற்குமேல் பேச்சு கிடையாது. இது புரொபசரின் கருத்தைக் கேட்கிறது சார் என்று அண்ணி பின்னாலேயே போய்ச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். உங்கள் கருத்தும் இந்த டிபார்ட்மெண்டின் கருத்துதானே என்று அவர் லிஃப்டுக்குள் போய்விட்டார்.

முதல் தடவை அதை வீட்டுக்கே கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்தாள். எல்லோருக்கும் தெரிந்த பெரிய பெயராகப் பத்துப் போட்டுவிட்டு எழுந்திருங்கள் அண்ணி, எனக்கு நோட்டு திருத்த மேசை வேண்டும் என்றேன். அவள் கேட்கவில்லை.

“இவனுங்களா? இவனுங்களுக்கு எடமே கெடையாது” என்று ஒரு மிகப் பெரிய பெயரைக் காட்டினாள். “சுஹாஸ்னு எங்க டிபார்ட்மெண்ட் பையன். அவன் சர்டிபிகேட்ட அனுப்பிட்டு, வந்து சேந்துச்சுன்னு ஒரு வரி எழுதுங்கன்னு எத்தன மெயில் போட்டேன் தெரியுமா? ஒரு பதில் இல்ல. அந்தப் பையனுக்குக் கெடச்ச ஸ்காலர்ஷிப்பே கைவிட்டுப் போச்சு.”

“அதுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் என்ன அண்ணி சம்பந்தம்?”

“மெயில் போட்டா பதில் வரணும். நம்ம பேரப் போட்டு வரணும். அதுகூடப் பண்ணத் தெரியாதவங்க கெமிஸ்ட்ரியில என்னாத்தக் கிழிக்கப் போறாங்க?”

இதுதான் அண்ணியின் அளவுகோல். அந்த அளவுகோலில் கொரியாக்காரர்கள் மேலே மேலே ஏறிக்கொண்டே போனார்கள். காலையில் மெயில் போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதில் வந்துவிடும். அதிலும் தெற்கே, சியோலிலிருந்து ரயிலில் போகிற தூரத்தில் ஒரு யுனிவர்சிட்டி. அந்த ஆபீசில் மிஸ் யூன் என்று ஒருத்தி. ஒருமுறை டிபார்ட்மெண்டிலிருந்து போன பார்சல் அங்கே கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டபோது, அவளே போன் மேல் போன் போட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, ‘பெர்னதெத் மேடம், கவலைப்படாதீர்கள், இப்போது நிம்மதியாகத் தூங்குங்கள்’ என்று எழுதியிருந்தாளாம். எங்கள் வீட்டில் யாரும் அண்ணியை நிம்மதியாகத் தூங்கச் சொன்னதில்லை. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டாள். ஒவ்வொரு வருஷமும் முதல் இடம் அந்த யுனிவர்சிட்டிக்குத்தான்.

அங்கிருந்து வந்த ஒரு ஆராய்ச்சிப் பையனிடம் மிஸ் யூன் காய்ந்த கடற்பாசித் தாள் ஒரு கட்டு கொடுத்தனுப்பினாள். அண்ணன் அதைக் கார்பன் பேப்பர் என்று நினைத்து மேசை டிராயரில் பத்திரப்படுத்தி வைத்தான். கிறிஸ்துமஸுக்கு அண்ணி இங்கிருந்து கல்கல் பலகாரம் செய்து அனுப்பினாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மிஸ் யூனின் பேச்சு அடிபடாத வாரம் கிடையாது.

புரொபசருக்குப் பதிலாக நீங்கள் இப்படி ரேங்க் போடுவது தப்பில்லையா என்று ஒருமுறை கேட்டேன். “எலெக்ஷன்ல ஓட்டுப் போடறவங்கல்லாம் எல்லாத்தையும் படிச்சிட்டா போடறாங்க? நீ போன வாட்டி எதப் பாத்துப் போட்ட?” என்றாள். நான் நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது, அவள் ஏதோ ஆபீஸ் வேலை பார்க்கிறாள் என்றே நினைத்திருந்தான். தெரிந்திருந்தால் தாங்கியிருக்கமாட்டான். பெங்களூரில் ரேங்க் என்ற சொல்லுக்கு இருக்கிற மரியாதை வேறு எதற்கும் கிடையாது. ரிசல்ட் வந்த மறுநாள் காலேஜ் காம்பவுண்டு சுவர் முழுக்க ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் பாஸ்போர்ட் சைஸ் முகங்களாகத் தொங்கும். எம்.எஸ்ஸியில் எங்கள் மரியா ஏழாவது ரேங்க் வாங்கி அப்படித் தொங்கியபோது, பேக்டரியிலிருந்து ரிடையர் ஆகி வீட்டில் இருந்த அண்ணன் தினமும் காலையில் வாக்கிங் என்ற பெயரில் போய் அந்த பிளெக்ஸைப் பார்த்துவிட்டு வந்தான். மழையில் அது கிழிந்த அன்று அவன் டிபன் சாப்பிடவில்லை.

மரியா அவனுடைய இரண்டாவது பிள்ளை. மூத்தவன் ஷெர்வின் மெல்போர்னில் இருக்கிறான். போன புதிதில் தினமும் வீடியோ கால். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். இப்போது அண்ணி குடும்ப குரூப்பில் எதையாவது எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும். கட்டைவிரல் வந்தவுடன் அண்ணி, “பாத்துட்டான்” என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பாள்.

மரியாவும் அவளும் அப்படியில்லை. மரியா பீன்யாவில் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் மாத்திரைகளைச் சோதித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் இரண்டு பேரும் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, ரஸ்ஸல் மார்க்கெட் வழியாகக் காய்கறி வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வீட்டுக்கு வருவார்கள். எதற்கு வேண்டுமானாலும் சண்டை. அவரைக்காய் முற்றலா இளசா என்பதற்கு, மரியாவின் முடிவெட்டுக்கு, பாதிரியாரின் பிரசங்கம் நீளமா இல்லையா என்பதற்கு. மாடிப்படியில் அவர்கள் சத்தம் கேட்டால் நான் அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன்.

மே மாதம் ஒரு நாள் அந்தச் சத்தம் இல்லாமல் இரண்டு பேரும் ஏறி வந்தார்கள். மரியாவுக்கு டாக்டரேட் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பேட்டரி ஆராய்ச்சி. ஸ்டைபெண்ட், ஹாஸ்டல் எல்லாம் உண்டு. இடம் எங்கே என்றால், கொரியாவில், மிஸ் யூனின் யுனிவர்சிட்டியில். சின்ன வயதிலிருந்து அந்தப் பெயரையே கேட்டு வளர்ந்த பெண் வேறு எங்கே அப்ளை செய்வாள்?

அண்ணி அவளைக் கட்டிக்கொண்டாள், முத்தம் கொடுத்தாள், ஆரோக்கியமாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அதெல்லாம் சரியாகத்தான் செய்தாள். அப்புறம், “எப்பப் போகணும்?” என்றாள்.

“ஆகஸ்ட் கடைசியில மம்மி. செப்டம்பர் ஒண்ணாந்தேதி கிளாஸ்.”

“அப்பக் கொடியேத்தத்துக்கு இருக்கமாட்டே.”

எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி கொடி ஏறும். தாயும் மகளும் காவிச் சேலை கட்டிக்கொண்டு நவநாள் முழுக்கப் போவார்கள். மரியா சிரித்தாள். மாதா கொரியாவிலேயும் இருக்காங்க மம்மி என்றாள். அண்ணி சிரிக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அந்த வருஷத்து ஆசிய ரேங்க் வெளியானது. அண்ணிக்கு அது வானத்திலிருந்து விழுந்த வரம். மிஸ் யூனின் யுனிவர்சிட்டி சறுக்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மட்டன் குழம்போடு உட்கார்ந்தோம். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் திறந்தான். அண்ணியின் தம்பி டேரில் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். எங்கள் வீட்டில் எது வாங்குவதென்றாலும் அவன்தான் நெட்டில் பார்த்துச் சொல்வான், பிரிட்ஜ் உட்பட.

“டேரில் அனுப்பியிருக்கான். போன வருஷம் நூத்துக்குள்ள இருந்திச்சாம். இந்த வருஷம் நூத்துப் பதினெட்டு. கொரியா நல்ல நாடுதான், ஆசியாவுல அவங்க யுனிவர்சிட்டிங்க மேலதான் நிக்குது, ஆனா சியோல்ல இருக்குற பெரிய பேருங்க கெடச்சாக் கண்ண மூடிட்டுப் போகலாம், இது வெளியூர், யோசிங்கன்றான்.”

“அதான் நானும் சொல்றேன்” என்றாள் அண்ணி, யார் முகத்தையும் பார்க்காமல். “எறங்கிட்டே போற எடத்துக்கு எதுக்குப் போகணும்? மல்லேஸ்வரம் பக்கத்துல ஒரு லேப்ல புராஜெக்ட் வேல இருக்குன்னு எங்க ஆபீஸ் சுனிதா மேடம் சொன்னாங்க. ஒரே பஸ்ஸு. வீட்டுச் சாப்பாடு. அடுத்த வருஷம் இதவிட நல்ல ரேங்க் எடத்துக்கு அப்ளை பண்ணிக்கலாம்.”

மரியா சண்டை போடவில்லை. பொறுமையாகச் சொன்னாள். “டாடி, அந்த லேப்ல என்ன வேல நடக்குதுன்னு பாருங்க. எனக்கு வேணுங்கறது அங்கதான் இருக்கு. ரேங்க்ல பெரிய பங்கு சர்வே. வேற வேற ஊர்ல புரொபசருங்க உக்காந்து, இது நல்ல யுனிவர்சிட்டி, அது நல்ல யுனிவர்சிட்டின்னு சொல்றது. அதப் போய் வேதவாக்கா எடுத்துக்கிறீங்களே.”

“சும்மாவா சொல்லுவாங்க? எவ்ளோ படிச்ச புரொபசருங்க” என்றான் அண்ணன்.

எனக்குப் புரையேறிவிட்டது. சிரிப்பை அடக்கினால் எனக்கு எப்போதும் அப்படித்தான். அண்ணி தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளினாள். குடித்துவிட்டு வாயை மூடு என்று அர்த்தம். நான் குடித்தேன். ஆனால் எதிரே அந்தப் பெண் கையிலிருந்த சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது.

“எந்தப் புரொபசரு?” என்றேன். “நம்ம ஊர்லருந்து போற ஓட்டுல ஒண்ணு உன் பொண்டாட்டி போடறது. இந்த மேசையில உக்காந்து. வருஷா வருஷம்.”

சொன்னதற்காக நான் அன்றும் வருத்தப்படவில்லை, இன்றும் வருத்தப்படவில்லை. அண்ணன் கண்ணாடியைக் கழற்றினான். மறுபடி மாட்டினான். அண்ணியைப் பார்த்தான், போனைப் பார்த்தான். வேளாங்கண்ணிக்கு டிக்கெட் எடுத்துக் காத்திருந்து, ரயில் நிற்காமலே போய்விட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். கோவிந்தப்பா கேட்டார், நான் போட்டேன், இதில் என்ன என்று அண்ணி முணுமுணுத்தாள்.

மரியாதான் கேட்டாள். “மம்மி, என் யுனிவர்சிட்டிய எத்தனாவது எடத்துல போட்டீங்க?”

அண்ணி குழம்புக் கரண்டியை எடுத்துத் திரும்ப வைத்தாள்.

“சொல்லுங்க மம்மி.”

“மொத எடத்துல.”

“இந்த வருஷம்?”

“இந்த வருஷமும்.”

“ஊர்ல இருக்குற எல்லாப் பிள்ளைங்களுக்கும் அது மொத எடம். எனக்கு மட்டும் ஆகாதா?”

நியாயமான கேள்வி. அண்ணி எழுந்து தட்டைக் கொண்டுபோய் ஸிங்க்கில் போட்டாள். குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பாமலே பேசினாள். “போ. யாரு வேணாங்கறா? நீயும் போயிட்டுக் கட்டவிரல அனுப்பு. ஒருத்தன் அனுப்பறது பத்தல.”

அதைக் கேட்டதும் மரியாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். இந்த வீட்டில் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிற பெண், அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். பெற்றவளுக்கு எங்கே அடித்தால் பிள்ளை விழும் என்று தெரியும். அடித்துவிட்டாள். எனக்கு அண்ணிமேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. இரண்டு நாள் அவள் வைத்த குழம்பை நான் தொடவில்லை, ரொட்டியும் ஜாமும் தின்றேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மரியா வந்து, நான் போகவில்லை, மல்லேஸ்வரத்து வேலையையே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கொரியாவுக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், மெயில் எழுதி வைத்துவிட்டேன், இன்னொரு தடவை படித்துவிட்டு அனுப்பிவிடுவேன் என்றாள். அண்ணன் டி.வி. சத்தத்தைக் கூட்டினான். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மார்க்கெட்டிலிருந்து வஞ்சிரம் மீன் வந்தது. அதற்கு மறுநாள் பன்றிக்கறி வறுவல். மரியாவுக்குப் பிடிக்கும் என்று தேங்காய்ப் பாலில் ஆப்பம். ஜெயித்துவிட்ட மனுஷி எப்படிச் சமைப்பாள் என்று அந்த வாரம் பார்த்தேன்.

மரியா எல்லாவற்றையும் சாப்பிட்டாள். நல்லா இருக்கு மம்மி என்றாள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தாள், காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாடிப்படியில் மட்டும் சத்தமில்லை. நான் காப்பிக்குத் தண்ணீர் வைக்கத் தவறிக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் அவர்கள் வருவதே தெரியவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அண்ணி வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். எங்களுக்குள் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. அவளே ஒரு கட்டு கீரையை எடுத்துக்கொண்டாள்.

“ஜூலியா, அவ என்கூடச் சண்டையே போடமாட்டேங்கறா.”

“போடாதது நல்லதுதானே. அதத்தானே கேட்டீங்க?”

“இன்னைக்கு முத்தின அவரைக்காயா பொறுக்கி எடுத்தேன். வேணும்னே. ஏதாவது சொல்லுவான்னு பாத்தேன். சரி மம்மின்றா. தலைமுடிய இன்னும் கொஞ்சம் வளத்தா என்னாடின்னேன். சரி மம்மின்றா. நான் என்ன கேட்டாலும் ஆபீஸ் லெட்டருக்குப் பதில் வர்ற மாதிரி ஒடனே, மரியாதையா, சரி, சரி.” அவள் கை கீரையை ஆயாமல் கசக்கிக்கொண்டிருந்தது. “என் புள்ள வீட்டுல இருக்கா ஜூலியா. ஆனா இல்ல.”

எனக்கு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. “அப்பப் போய்ச் சொல்லுங்களேன் அண்ணி, என்கிட்ட எதுக்கு அழறீங்க?” என்றேன். “நாளைக்கு வெள்ளிக்கிழம.”

அவள் எழுந்து மரியாவின் அறைக்குப் போனாள். எங்கள் வீடு பெரிய மாளிகை இல்லை, அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான். நான் ஒட்டுக்கேட்கவில்லை, காது இருந்தது, கேட்டது.

“மெயில் அனுப்பிட்டியா?”

“இன்னும் இல்ல மம்மி. இப்ப அனுப்பிடறேன்.”

“அனுப்பாதே.”

“பரவால்ல மம்மி. நான் யோசிச்சிட்டேன். அந்த ரேங்க்கும் எறங்கிட்டுத்தானே…”

“ரேங்க்காவது மண்ணாவது. அந்தப் பேச்ச எடுக்காத. அது ஏறிச்சா எறங்கிச்சான்னு எனக்கு ஒரு கவலையும் இல்ல. உன்ன அனுப்பறதுக்கு எனக்கு பயம். அத உங்கிட்ட சொல்ல வெக்கப்பட்டுட்டு அந்த நம்பரத் தூக்கிக் காட்டினேன். உங்க அண்ணன் பேர வேற இழுத்தேன். நான் பண்ணது தப்பு மரியா.”

மரியா ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அழுதுகொண்டே சொல்லியிருப்பாள்.

“நீ போ. நான் அழுவேன். ஏர்போர்ட்ல அழுவேன், வீட்டுக்கு வந்து அழுவேன், கொடியேத்தத்துல மாதா முன்னாடி நின்னு அழுவேன். அது என் பாடு. நான் அழறேன்னு நீ நிக்காதே. நீ நின்னுட்டா என்னால எப்பவும் அழ முடியாமப் போயிடும், தெரியுதா? உன் மூஞ்சப் பாத்துப் பாத்து, அழக்கூட முடியாம இருக்கணும்.”

அப்புறம் மரியாவின் குரல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “அவரைக்கா ஒரே முத்தல் மம்மி. நாரு. எப்படித்தான் அந்த ஆளுகிட்டப் போயி வாங்குறீங்களோ.”

“ஏன்டீ, பக்கத்துலதானே நின்னே? அப்பவே சொல்றதுக்கென்ன?”

நான் காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன்.

அதற்கப்புறம் அண்ணியைப் பிடிக்க முடியவில்லை. சர்டிபிகேட்டில் வெளியுறவுத் துறை முத்திரை வாங்குவது, விசா, தடுப்பூசி, எல்லாவற்றுக்கும் தன் டிபார்ட்மெண்ட் மாணவர்களுக்கு ஓடுகிற மாதிரியே ஓடினாள். மிஸ் யூனுக்கு மட்டும் மகள் வருகிறாள் என்று எழுதவே இல்லை. ஏன் என்று கேட்டேன். அந்தப் பொண்ணு எல்லாப் பிள்ளைங்களையும் ஒரே மாதிரி நல்லாத்தான் பாத்துக்குது, நான் எழுதினா இவளுக்குன்னு தனியா ஏதாவது செய்யத் தோணும், அது வேணாம் என்றாள். அண்ணன், டேரிலுக்கு நீளமாக ஒரு மெசேஜ் எழுதினான். அதில் ரேங்க் என்பது பல விதமாகப் போடப்படுவது, நமக்கு அதெல்லாம் முன்பே தெரியும் என்று இருந்தது. நான் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

கொடியேற்றத்துக்கு மூன்று நாள் முன்னால் பிளைட். சொன்ன மாதிரியே அண்ணி ஏர்போர்ட்டில் அழுதாள். மரியாவும் அழுதாள். நான் அழவில்லை என்று எழுதலாம்தான், ஆனால் அண்ணன் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய், திரும்பிப் பார்த்து, மரியா கையை ஆட்டினாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வரும்போது ஏர்போர்ட் பஸ்ஸில் மூன்று பேரும் பின்சீட்டில் உட்கார்ந்தோம். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரம்மா போனது என்று கன்னடத்தில் கேட்டார். மகள் என்றாள் அண்ணி. எங்கே என்றார். கொரியாவுக்குப் படிக்க என்றாள். அவர் உடனே நகர்ந்துவிடவில்லை. அவருக்கும் பி.யூ.சி. படிக்கிற மகள் இருக்கிறாளாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்கறையாகக் கேட்டார், “ஒள்ளே யுனிவர்சிட்டியா அம்மா?” நல்ல யுனிவர்சிட்டிதானா என்று.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்தான். அண்ணி அவன் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். இத்தனை வருஷமாக அதற்கு முதல் இடம் போட்டவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கன்னடத்திலேயே சொன்னாள்.

“எனக்குத் தெரியாதுப்பா. அவ போயிருக்கா. இருந்து பாத்துட்டுச் சொல்லட்டும்.”

கண்டக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். அண்ணி மறுபடி அழ ஆரம்பித்தாள். நாங்கள் இரண்டு பேரும் தடுக்கவில்லை.